பேரீச்சங்கொட்டைக் கணக்கு

"நான் ஓமெண்டு சொல்ல மாட்டன் ஸேர். முதல்ல புள்ளையக் கேட்டுப் பாருங்க."

காலையிலிருந்து றஸீனா டீச்சர் சொல்வது இது ஒன்றைத்தான்.

அதனால்தான் நாவற்குடாவிலிருந்து வந்த கணித ஆலோசகர் வினாயகமூர்த்தி ஸேர், காத்தான்குடிப் பள்ளிக்கூடம் ஒன்றின் மூன்றாம் வகுப்பில், சின்னப்பிள்ளைகளின் கதிரையில், முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்.

கேட்கவேண்டிய பிள்ளை முப்லிஹா. இரண்டு தவணையாகக் கணக்குத் தாளை வெறுமையாகவே நீட்டியவள்.

இன்றைக்கும் பிழை விட்டால் அவளுக்கு இந்த வகுப்பு இல்லை. நாளையிலிருந்து பட்டணத்திலுள்ள விசேட வகுப்பு. அங்கே கூட்டாளிமார் இல்லை, றஸீனாவும் இல்லை.

தாளில்தான் வராது, கையில் வரும் என்று றஸீனா அடித்துச் சொல்கிறாள். முதலில் பொருளைத் தொடவேண்டும். பிறகு அதைப் படமாகக் கீறவேண்டும். அதன் பிறகுதான் இலக்கம். அதற்காகவே போன நோன்பு மாதம் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பேரீச்சங்கொட்டை சேர்த்தாள். கழுவினாள், காயவைத்தாள். "குப்பையை ஏன் டீச்சர் காவிக்கிட்டுத் திரியிறீங்க?" என்று கேட்டவர்களிடம், "உங்கட ஊட்டுக் குப்பைதான், பள்ளிக்குப் போகப்போகுது" என்று சொல்லி, அவர்கள் வீட்டுக் கொட்டையையும் வாங்கிக்கொண்டு போனாள்.

பாயில் மூன்று பிள்ளைகள். நடுவில் முப்லிஹா. ஒரு பக்கம் ஹமீட், மறுபக்கம் அப்ஹாம்.

வினாயகமூர்த்தி பன்னிரண்டு கொட்டைகளை எண்ணி வைத்தார். மூன்று பேப்பர் தட்டுகளையும் வைத்தார்.

"சமனாப் பங்கு வை புள்ள."

டீச்சர் வாய் திறக்கக்கூடாது. அது சட்டம்.

முப்லிஹா தட்டுகளைப் பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூரத் தள்ளி வைத்தாள். பன்னிரண்டு கொட்டைகளையும் நடுவில் ஒரே குவியலாகக் குவித்தாள்.

"இவளுக்குத் தட்டு என்னத்துக்கெண்டும் தெரியா ஸேர்," என்றான் ஹமீட். அப்ஹாம் களுக்கென்று சிரித்தான்.

ஆலோசகரின் பேனை ஒரு பிழைக் குறி போட்டது.

றஸீனாவுக்கோ சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை சஹன் வைக்கிறாளே! கலியாணம், கந்தூரி என்றால் இந்த ஊரில் தனித்தனித் தட்டு ஏது? ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறு. அதைச் சுற்றி ஆட்கள். அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. அடுத்தவர் பக்கம் யாருடைய கையும் நீளாது. குவித்தவள் பிரிப்பாள், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல நாக்குத் துடித்தது. கடித்துக்கொண்டாள்.

"இப்ப படம் கீறு."

ஹமீட் எட்டிப் பார்க்காதபடி இடக்கையால் மறைத்துக்கொண்டு முப்லிஹா கீறினாள். நெடுநேரம் கீறினாள்.

பிறகு தாளின் கீழே, கை மறைக்காத இடத்தில், இலக்கத்தை எழுதினாள்.

3.

றஸீனாவின் சிரிப்பு நின்றது. பன்னிரண்டை மூன்று பேருக்குப் பிரித்தால் நான்கு அல்லவா?

"பாத்தீங்கதானே டீச்சர்." வினாயகமூர்த்தி கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "புள்ளைய இதுக்குள்ள வச்சுக் கஷ்டப்படுத்தாதீங்க. அங்க நல்லாப் பாப்பாங்க."

அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று றஸீனாவுக்கும் விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், துளிகூட விளங்கவில்லை.

விளங்காவிட்டால் என்ன? விட்டுக்கொடுத்துவிடுவதா?

"நமக்கு விளங்கல்லெண்டா அது நம்மட பிழை ஸேர். புள்ளைட பிழை இல்ல. நான் அனுப்ப மாட்டன்."

"டீச்சர், நீங்க கதைக்கப்படாது."

சட்டம் அதன் பாட்டில் கிடக்கட்டும். றஸீனா பாயின் ஓரத்துக்கு வந்து குனிந்தாள்.

"மகள், அந்தக் கைய எடுங்க. ஆராருக்குப் பங்கு வச்சீங்க?"

முப்லிஹா கையை எடுத்தாள். தாளில் ஒரு பெரிய வட்டம் இருந்தது. நடுவிலிருந்து விளிம்புக்குக் கோடுகள் ஓடின. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று மூன்று கொட்டைகள்.

"இது ஹமீட். இது அப்ஹாம். இது நான்." விரல் இன்னும் ஒரு பக்கத்துக்கு நகர்ந்தது. தலை நிமிர்ந்தது. "இது ஸேர். பக்கத்துல ஆள வச்சுக்கிட்டு நாங்க மட்டும் திங்கிறயா?"

வாவிக் காற்றில் பேப்பர் தட்டுகள் படபடத்தன.

வினாயகமூர்த்தி லேசில் விடவில்லை. ஆலோசகர் அல்லவா.

"அப்ப டீச்சர்? அவவும் பக்கத்துலதானே நிக்கிறா?"

"டீச்சர் இண்டைக்கு நோன்பு," என்றாள் முப்லிஹா. "இடைவேளைக்குத் தண்ணியும் குடிக்கல்ல."

நோன்பு மாதம் இல்லாத நாளில் தானாகப் பிடித்த நோன்பு; றஸீனா அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஆலோசகர் பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகினார். கதிரையை இழுத்து, பாய்க்கு இன்னும் கிட்ட வந்தார்.

"சரி. இப்ப நான் எழும்பிப் போறன் எண்டு வை. அப்ப எவ்வளவு?"

முப்லிஹா யோசிக்கவே இல்லை. குவியலில் அவர் பக்கமிருந்து மூன்று கொட்டைகளை எடுத்தாள். ஹமீட் முன்னால் ஒன்று, அப்ஹாம் முன்னால் ஒன்று, தன் முன்னால் ஒன்று.

"ஆளுக்கு நாலு."

பிறகு, இதைக்கூடவா தெரியாமல் வந்தீர்கள் என்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"ஆனா மத்தவங்க திண்டு முடியாம எழும்பப்படாது ஸேர். இரிங்க."