தட்டிராதலே

கழுத்தைச் சுற்றிய கை இறுகியது. தங்கப்பாண்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் கறுத்து, வாயோரம் ரத்தம் வழிந்தது.

"தட்டிராதலே," என்றாள் அக்கா காளீஸ்வரி. "நீ தட்டுனா அவிய போயிருவாவ."

தரையில் கையைத் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். தங்கப்பாண்டி தட்டவில்லை. கையிலிருந்த கன்ட்ரோலரின் குமிழை வெறிபிடித்தவன்போலத் திருகினான். டிவியில், அவனுடைய முகத்தை ஒட்டிச் செய்திருந்த ஆள் புரண்டு, பிடியிலிருந்து தலையை உருவிக்கொண்டான். மணி அடித்தது. முதல் சுற்று முடிந்தது.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷம்சுல் ஆலம் பாயின் கேம் கடை. பாதி ஆட்டத்தில் கரண்டு போனால் சண்டைக்கு வருகிறார்கள் என்று டிவிக்கும் நெட்டுக்கும் யுபிஎஸ் வைத்திருந்தார். உச்சிவெயில் நேரம் என்பதால் இவர்களைத் தவிர வேறு ஆளில்லை.

எதிரில் விளையாடுவது காளீஸ்வரியின் புருஷன் இசக்கிதுரை. கத்தாருக்கு வேலைக்குப் போய் ஆறு மாதம். கொஞ்ச நாளாகப் போன் எடுப்பதில்லை. இந்த விளையாட்டில் மட்டும் தலைகாட்டுவான். மச்சினன் சண்டைக்குக் கூப்பிட்டால் மறுக்கமாட்டான். நடுவில் விட்டுப் போகவும் மாட்டான். போனால் தோல்வி என்று அவன் பெயரில் ஏறிவிடும். அந்த அசிங்கத்தை அவன் ஒருமுறைகூடச் செய்ததில்லை.

ஆக, சண்டை நீடிக்கும்வரைதான் அவனோடு பேசமுடியும். தங்கப்பாண்டி தோற்கவும் கூடாது, ஜெயிக்கவும் கூடாது.

இரண்டாவது சுற்றுக்கு மணி அடித்ததும் தலையிலிருந்த மைக் வைத்த ஹெட்போனைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தான். பாய் சத்தத்தை டிவியிலும் திறந்துவிட்டார்.

"நாந்தான் பேசுதேன்," என்றாள் காளீஸ்வரி. "ஒங்கம்மாவுக்கு முடியல. பசுவந்தனையில இருந்து இங்கன பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம். பாக்க வேண்டியவியள வரச்சொல்லுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாவ."

டிவியில் இசக்கிதுரையின் ஆள் ஓங்கிய கையோடு நின்றான்.

"மாப்ள, என்னல வேலை இது," என்றான் இசக்கிதுரை, தங்கப்பாண்டியிடம்.

அதற்குப்பின் அவன் விளையாடவில்லை. சீக்கிரம் முடிக்கப் பார்த்தான். பழைய விளையாட்டு என்றால் கையைத் தூக்கித் தடுத்துக்கொண்டே நேரத்தை ஓட்டிவிடலாம். இதில் ஆள் களைத்துப்போவான். தடுத்துத் தடுத்துக் கை தாழும், கால் இழுக்கும், வாயால் மூச்சு வாங்குவான். நிஜம்போல இருக்கிறது என்றுதான் எல்லோரும் இதற்கு வந்தார்கள். அந்த நிஜம்தான் இப்போது தங்கப்பாண்டியைக் கொன்றது.

அடியும் உடனுக்குடன் விழுந்தது. இசக்கிதுரை கத்தார் போன புதிதில், அவ்வளவு தூரத்திலிருந்து அவன் குத்து நெட்டில் திணறித் திணறித்தான் இங்கே வந்து சேரும். அதற்குள் விலகிவிடலாம். இன்றைக்குக் கை ஓங்குவதும் தலை திரும்புவதும் ஒன்றாக இருந்தது.

"ரூமுக்கு நல்ல நெட் லைனா போட்டுட்டாரு போல ஒங்கத்தான்," என்றார் பாய்.

"ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போங்க," என்றாள் காளீஸ்வரி.

"லீவு கெடைக்காது."

"போன்லயாவது பேசுங்க. காதுல வைக்கேன்."

"என்னத்தப் பேச?"

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

தங்கப்பாண்டியின் ஆளுக்குப் புருவம் பிளந்து கண்ணை ரத்தம் மறைத்தது. மணி அடித்தது. இன்னும் ஒரு சுற்றுதான்.

"அத்தான், ஒங்கள யாரும் ஒண்ணும் கேக்கப்போறதில்ல," என்றான் தங்கப்பாண்டி, அக்காவின் மைக் பக்கம் சாய்ந்து. "வந்தாப் போதும்."

"ஒனக்கென்னல தெரியும்? ஊரே மாலை போட்டுல்லா அனுப்பிச்சி. ஆறு மாசத்துல பையத் தூக்கிட்டு வந்து நின்னா ஒரு பய மதிப்பானா? சிரிப்பானுவ."

"சிரிக்கவனா வந்து ஒங்கம்மாவுக்குப் பால் ஊத்தப்போறான்?" என்றாள் காளீஸ்வரி.

பதில் குத்தாக வந்தது. தங்கப்பாண்டியின் ஆள் மல்லாந்து விழுந்தான். இசக்கிதுரையின் ஆள் மேலே ஏறிக் கழுத்தை வளைத்தான். முகம் மறுபடி கறுத்தது. குமிழைத் திருகித் திருகித் தங்கப்பாண்டியின் கட்டைவிரலில் தோல் உரிந்தது.

"முடியலக்கா."

"தட்டிராதலே. தங்கப்பாண்டி, தட்டிராதலே."

"காளி," என்றான் இசக்கிதுரை. இன்றைக்கு முதல்முறையாக அவள் பெயரைச் சொன்னான். "அம்மா எந்த வார்டுல..."

மின்விசிறி நின்றது. எதிர்க்கடையில் மிக்சி பாதியில் அடங்கியது. தெரு முழுக்க ஒரு சத்தமில்லை. யுபிஎஸ் மட்டும் கீச்சிட்டது.

டிவியில் இசக்கிதுரையின் ஆள் கழுத்தைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான். பிறகு காணாமல் போனான். எதிராளி தொடர்பில் இல்லை, வெற்றி உங்களுக்கு என்று எழுத்து வந்தது.

"விட்டுட்டுப் போயிட்டாவ," என்றான் தங்கப்பாண்டி. "ஜெயிக்கப்போற நேரத்துல எவனாவது போவானா?"

காளீஸ்வரி நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"பாய், கத்தாருக்கும் நம்ம கரண்டுதானா?"