துரு தேடியவன்

பெட்டியின் மூடியை நெம்பியதும் அவன் துருவைத்தான் தேடினான்.

இருந்தது.

திட்டுத் திட்டாக, செம்மண் அப்பினாற்போல. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவனுக்கு.

ராணுவம் எப்போதோ கைகழுவிவிட்ட சிதறுகுண்டுத் துப்பாக்கிகள். மலைமேல் இருக்கும் அந்த அரசுக் கிடங்கில், அவன் பொறுப்பில், பெட்டி பெட்டியாகக் கிடந்தன. எல்லாம் உதவாது என்று எழுதிவிட்டால் உலைக்குப் போய்விடும். கிடங்கைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு அவன் மாறுதலில் சொந்த ஊரான அருப்புக்கோட்டைக்குப் போகலாம். ஒன்றே ஒன்று உதவும் என்றாலும் போச்சு. அதற்குக் காவல் வேண்டும். இந்தக் குளிரில் காவல் கிடக்க வேறு எந்த ஏமாளி மலையேறி வருவான்?

எழுத வந்தவர் ஏகாம்பரம். பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்த்தே தலை நரைத்தவர்.

ஒவ்வொன்றையும் நடுவில் மடித்துத் திறப்பார். குழலை ஜன்னல் பக்கம் தூக்குவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பார். கீழே வைப்பார்.

“உதவாது.”

அந்தச் சொல் விழ விழ, அருப்புக்கோட்டை ஒவ்வொரு வளைவாக மலையேறி அவன் பக்கம் வந்துகொண்டிருந்தது.

கைபேசி அடித்தது. மனைவி. கை முழுக்க மசகு. சுண்டுவிரலால் தட்டினான். ஸ்பீக்கரில் விழுந்தது.

“என்னங்க, பாப்பா நின்னுட்டா! யாரும் பிடிக்கல, தானா எந்திரிச்சு நின்னா! நீங்க என்னைக்குத்தான் வரப் போறீங்க? இனி நடந்து அவளே வந்துருவா போல.”

“இன்னைக்குத் தெரிஞ்சிரும் ரதி. வச்சிர்றேன்.”

பெரியவரின் கண் குழலுக்குள் இருந்தது. காது குழலுக்குள் இல்லை.

“உதவாது.”

கடைசிப் பெட்டி.

அதன் அடியில், எண்ணெய்த்துணி சுற்றி ஒன்று கிடந்தது. எந்தப் புண்ணியவானோ, கல்யாணப் பெண்ணைப் பொத்தி வைப்பதுபோல் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

பெரியவர் துணியைப் பிரித்தார். மடித்தார். தூக்கினார். பார்த்தார்.

கீழே வைக்கவில்லை.

“அடேயப்பா. இது இன்னும் ஒரு தலைமொற ஓடும் தம்பி.”



சேலைக்கடைக்குள் தவழ்ந்து வளர்ந்தவன் அவன். வேறொருத்திக்கு என்று எடுத்து வைத்த சேலையை வாடிக்கைக்காரி கையில் பிடித்துக்கொண்டால் கடையில் என்ன செய்வார்கள் என்று தெரியும். பிடுங்க மாட்டார்கள். புகழ்வார்கள். அவளுக்கே சந்தேகம் தட்டி, தானாகக் கீழே போடும்வரை புகழ்வார்கள்.

“தங்கம் சார் இது. ஒரு குறை சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கிட்டுச் சுடலாம். நாளைக்கு எவனாவது சுட்டு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனாலும்தான் என்ன? உங்க கையெழுத்து இருக்குல்ல.”

பெரியவர் துப்பாக்கியை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார். குழலைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார்.

“எந்த ஊரு?”

“அருப்புக்கோட்டை சார். சேலைக்கடைக் குடும்பம்.”

“ம்.”

மறுபடி குழலைத் தூக்கினார். கண்ணை மூடினார்.

“உள்ள அரிச்சிருக்கு. மொதல்ல கவனிக்கல.”

அவன் மூச்சை விடவில்லை.

“உதவாது.”

எழுதினார். கையெழுத்து. முத்திரை.

அவன் சுவரில் சாய்ந்தான். பட்டில் பலிக்கிற வித்தை இரும்பிலும் பலிக்கிறது. அப்பாவின் கடையிலேயே இருந்திருந்தால் இந்நேரம் பெரிய ஆளாகியிருப்போம் என்றுகூடத் தோன்றியது.

வாசலில், ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பெரியவர் தலையை வெளியே நீட்டினார்.

“எங்க வூட்டுக்காரி சேல எடுக்கப் போனா, நானுந்தான் கூடப் போவேன் தம்பி.”

வண்டி கிளம்பிவிட்டது.



அவன் உள்ளே வந்தான். அந்தக் கடைசித் துப்பாக்கியை எடுத்து மடித்தான். அவரைப் போலவே ஜன்னல் பக்கம் தூக்கி, ஒரு கண்ணை மூடினான்.

தேடித் தேடிப் பார்த்தான். ஒரு பொட்டு அரிப்பு இல்லை. குழல் கண்ணாடியாக இருந்தது.

அதன் மறுமுனையில், சின்னஞ்சிறு வட்ட வெளிச்சத்துக்குள், மலைப்பாதை வளைவில் ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது.