பிடிச்ச வரி

பதியுதீனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த அப்துல் ஹமீட் சேரின் அத்தர் ஒரு பக்கம், தன் கழுத்தில் கிடந்த பொன்னாடையின் வியர்வை நாற்றம் மறுபக்கம். போன மாதம் யாருக்கோ போர்த்தியதைத் துவைக்காமலே மடித்து வைத்து, இன்றைக்கு இவருக்குப் போர்த்தியிருக்கிறார்கள். சீ, கஞ்சல் வேலை!

மருதமுனையில் அந்த மண்டபம் நிரம்பித்தான் இருந்தது. வருடக் கணக்காக எழுதிச் சேர்த்த கவிதைகளுக்கு இன்றைக்குத்தான் வெளியீட்டு விழா. சட்டி கழுவுவது, பஸ்ஸுக்குக் காத்து நிற்பது, உம்மாவின் கட்டிலடியில் மருந்து வாடை என்று அன்றாடம் கண்டதை மட்டும் எழுதியவர் பதியுதீன். கடலையும் நிலாவையும் தொடவே மாட்டேன் என்று ஒரு பிடிவாதம்.

புத்தகம் கைக்கு வந்ததே பெரும் பாடு. "புலமைப்பரிசில் சோதினை வருது சேர், மாதிரி வினாத்தாள் அடிச்சே கை ஓயல்ல" என்று இழுத்தடித்தான் கல்முனையில் அச்சகம் வைத்திருக்கும் நிரோசன். முதலில் கட்டி முடித்த பிரதி ஒன்றை மட்டும் போன கிழமை, ஆய்வுரை சொல்ல இருந்த ஹமீட் சேருக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை இன்று காலையில்தான் நேராக மண்டபத்தில் கொண்டுவந்து இறக்கினான். பெட்டியைப் பிரித்து ஒன்றைப் புரட்டிப் பார்த்த பதியுதீன், அதைச் சட்டென்று மூடிப் பெட்டிக்குள்ளேயே போட்டார். அதற்குள் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்ன பதியு, மொகம் கறுத்துக் கிடக்கு?" தலைமை தாங்கிய றஸாக் கேட்டார்.

"ஒண்டுமில்ல. ஹமீட் சேர் வாசிச்சிருப்பாரு. உள்ளத உள்ளபடி அவரே சொல்லட்டும்."

"அவரு சொல்லாம வேற ஆரு சொல்லுற?"

அவரும் வாசிக்கவில்லை என்றால் இனிப் பேனையைத் தொடுவதே இல்லை. பதியுதீன் மனசுக்குள் நிய்யத்தே வைத்துவிட்டார்.

கீழே எல்லாருக்கும் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள். மூடிய புத்தகத்தால் ஆண்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதர் அதன் மேல் ரோல்ஸை வைத்துச் சாப்பிட்டுவிட்டு, எண்ணெய்க் கையை அட்டையிலேயே துடைத்தார். பார்க்கப் பார்க்க அருவருத்தது.

ஹமீட் சேர் எழும்பினார். மைக்குக்கு நேரே காறி, வந்ததை விழுங்கிவிட்டுத் தொடங்கினார்.

"மாஷா அல்லாஹ்! இந்த நூல ரெண்டு தரம் வாசிச்சன். ரெண்டாம் தரம் கண் கலங்கிட்டு. நம்மட மண்ணில இப்படியொரு கவிதைத் தொகுதி வந்ததே இல்ல!"

போன மாதம் வேறொருத்தரின் புத்தகத்துக்கும் இதே கண்தான் கலங்கியது. அவருக்கு முன்னால் கிடந்த பிரதியின் தாள்களோ ஓரத்தில் ஒட்டினபடியே இருந்தன. மேடையில் இருந்தவர்கள் போனைத் தடவிக்கொண்டே கைதட்டினார்கள்.

ஏற்புரைக்குக் கூப்பிட்டதும் பதியுதீன் மைக்கைப் பிடித்தார்.

"ஹமீட் சேர், எனக்கு ஒரு ஆசை. இந்தப் புத்தகத்தில உங்களுக்குப் பிடிச்ச வரி ஒண்ட வாசிச்சுக் காட்டுவீங்களா?"

ஹமீட் சேர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பதியுதீன் அந்தக் கையையே பார்த்தார். திற மனிசா, ஒருக்காத் திறந்து பாரு!

அவர் திறக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"வாசிக்கணுமா? மனப்பாடமே! 'கடலே, உன் உப்பெல்லாம் என் கண்ணீரா?' யா அல்லாஹ், என்ன வரி!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள்.

"நானும் அந்த வரியத்தான் கோடு போட்டு வெச்சன்" என்றார் றஸாக்.

பதியுதீன் உண்மையைப் போட்டு உடைக்கத்தான் எழும்பினார்; இந்த முகங்களைப் பார்த்ததும் அதற்கும் மனசு வரவில்லை. பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு, குசினி மேசையில் எழுதி, வெட்டி, ஒரு சொல்லுக்காக ஒரு கிழமை அலைந்ததெல்லாம் இவர்களுக்கா? "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

பொன்னாடையை உருவிக் கதிரையில் எறிந்துவிட்டு வாசலுக்குப் போகையில், பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி விரைந்து வந்தாள். பக்கத்துத் தெருச் சிபானா. புத்தகத்துக்கு நடுவில் விரலை அடையாளம் வைத்துப் பிடித்திருந்தாள்.

"சேர், நில்லுங்க. இதப் பத்தி ஒண்டு கதைக்கணும்."

"வாசிச்சீங்களா?"

"ஓம் சேர். அவங்க பேசி முடியிறதுக்குள்ள கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்திட்டன்."

பதியுதீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை சனத்துக்குள் ஒருத்தியாவது திறந்து பார்த்திருக்கிறாள்! குமட்டல்கூடக் கொஞ்சம் அடங்கினாற் போல இருந்தது.

"சொல்லுங்க தங்கச்சி. என்னெண்டாலும் மறைக்காமச் சொல்லுங்க."

சிபானா விரல் வைத்திருந்த பக்கத்தை விரித்துக் காட்டினாள்.

"என்ட மகளுக்கு நல்ல உதவி சேர். மாதிரி வினாத்தாள் எல்லாம் நல்லா இருக்கி. இந்தப் பதினேழாம் கணக்குக்கு மட்டும் விடை பிழை."