மற்றவை

எந்தத் தொழில் எதற்கு என்ன கொடுக்கிறது என்று காட்டும் மாவட்ட அட்டவணையைப் பூங்கோதைதான் தயாரித்தாள். கொடுத்ததும் பெற்றதும் சமமாக வேண்டும். இந்த ஆண்டு கழிவுகளையும் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். சாயப்பட்டறைகள் வெளியேற்றிய நீரைப் பெற்றுக்கொண்டதாக எந்தத் துறையும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கும் சேராததைக் கடைசிப் பத்தியான ‘மற்றவை’யில் போடுவது அலுவலக வழக்கம். அப்படியே போட்டாள். அட்டவணை சமமானது.

புதிதாக வந்திருந்த அதிகாரி தேவசகாயம் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“இந்த மற்றவைங்கிறது யாரும்மா?”

பூங்கோதை பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அடியில் லேசாக நீலம் படிந்திருந்தது.

“எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி சார்,” என்றாள். “குடிச்சுப் பாருங்க.”

அவர் கட்டத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.