வாய் திறக்காத கெளுத்தி

இறங்குதுறையின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே மதிய வெயில் ஈரத்தரையில் வட்டம் வட்டமாக விழுகிறது. மீன்களை இனம் பிரித்துப் பதிவு செய்பவள் ஈரத்துணியில் ஒரு கெளுத்தியைப் பிடித்திருக்கிறாள். கடலடிச் சேற்றில் மேயும் கெளுத்திகள் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மேல்வாய்ப் பற்களைப் பார்த்தால்தான் இனம் தெரியும். அதனால் துறையில் அவளுக்குப் பல் டாக்டர் என்று பெயர். இதன் துடுப்பில் இருப்பதுபோல் ஒரு கறுப்புப் பொட்டை அவள் இந்த ஏழு வருடத்தில் பார்த்ததில்லை. ஆனால் மீன் வாயைத் திறக்க மறுக்கிறது. செவுள் இன்னும் அசைகிறது. வயிறு ஒட்டிக் கிடக்க, தாடைக்கு அடியில் மட்டும் கோலிக்குண்டுகளை அடைத்ததுபோல் புடைத்திருக்கிறது. உள்ளே இருப்பவை முட்டைகள்.

"என்ன பல் டாக்டரம்மா, அடம் பிடிக்குதா? இடுக்கிய விட்டு நெம்புங்க," என்கிறார் படகுக்காரர்.

இடுக்கி உதட்டில் பட்டதும் மீசைகள் துடிக்கின்றன. தாடை இன்னும் இறுகுகிறது. அவள் இடுக்கியை வைத்துவிட்டு, படியில் குனிந்து மீனைத் தண்ணீரில் விடுகிறாள். சற்றுச் சாய்ந்து கிடந்துவிட்டு அது அடியில் மறைகிறது. பதிவேட்டில், இனம் தெரியவில்லை, ஆண் என்று எழுதுகிறாள்.

"முட்டை வச்சிருந்துச்சே, ஆண்னு எழுதுறீங்க?"

"முட்டையப் போட்டுட்டுப் போறதுதான் அம்மா. குஞ்சு வர்ற வரைக்கும் வாயில வச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்குறது அப்பன்."

படகுக்காரர் தன் கூடையில் வாய் பிளந்து கிடக்கும் கெளுத்திகளையும், அவற்றைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் மஞ்சள் உருண்டைகளையும் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.