ரோசணை ராஜா

"நீங்கதானே அந்த ரோசணை ராஜா?"

ஜாக்குலின் கேட்டதும், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் அந்தோணி பிரபுவின் கை நின்றது.

"எந்த ராஜா?"

"நடிக்காதீங்க. கேஸ் சிலிண்டர் புக் பண்ணலாம்னு உங்க போனை எடுத்தேன். மெயில் வந்து கிடக்குது. 'ரோசணை ராஜா, நேற்று நீங்கள் நான்கு ஆட்டங்களில் மூன்றில் தோற்றீர்கள்'னு. அந்த மூணும் என்கிட்டத் தோத்தது."

பிரபு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு, கூட்டேரிப்பட்டில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு வேன் ஜாக்குலினை இடித்துத் தள்ளியது. தலையில் ஆபரேஷன். பிழைத்துவிட்டாள், ஆனால் எண்கள் அவளைவிட்டுப் போயிருந்தன. திண்டிவனத்தில் பன்னிரண்டு வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள், மறுபடி வேலைக்குப் போன முதல் நாளே கரும்பலகையின் முன்னால் பாதிக் கணக்கில் நின்றுவிட்டாள். அடுத்த வரி வரவில்லை. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

"நீங்க லைப்ரரியைப் பாத்துக்குங்க டீச்சர். பசங்க பப்ளிக் எக்ஸாம் எழுதணும். நான் ரிஸ்க் எடுக்க முடியாது" என்றார் தலைமையாசிரியர் தேவநாதன். தன்மையாகத்தான் சொன்னார்.

தினமும் எண் புதிர் போடச் சொன்னது புதுச்சேரி டாக்டர். இணையத்தில் ஒரு விளையாட்டுத் தளம் கிடைத்தது. சொந்தப் பெயர் போடாமல் அதில் சேர்ந்தாள். ஒரே சுடோகு கட்டம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் திறக்கும். முதலில் சரியாக நிரப்புகிறவருக்கு வெற்றி. ஆரம்பத்தில் சின்னப் பிள்ளைகளின் கட்டத்துக்கே அவளுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. விடாமல் ஆடி மேலே ஏறினாள்.

பிப்ரவரியில் ஒருநாள், ரோசணை ராஜா என்று திண்டிவனத்துப் பகுதி ஒன்றின் பெயரோடு ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. லேசுப்பட்ட எதிராளி இல்லை. முதல் மாதம் அவள்தான் தோற்றுக்கொண்டே இருந்தாள். ஏப்ரலில் ஆளுக்குப் பாதி. மே மாதம் அவள் கை ஓங்கியது. அந்த வெற்றிகளை நம்பித்தான், பள்ளிக்கூடம் திறந்ததும் பத்தாம் வகுப்பைத் திரும்பக் கேட்பது என்று முடிவு செய்திருந்தாள்.

"பாவம்னு தோத்துக் குடுத்தீங்க, இல்ல?" என்றாள் ஜாக்குலின்.

"சத்தியமா இல்ல ஜாக்கு. ஐடி என்னுதுதான். ஆடறது நான் இல்ல."

"பின்ன யாரு?"

"அது... சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். உனக்கும் தெரிஞ்சா கை ஓடாது. அதான் வாயை மூடிக்கினு இருந்தேன்."

"நல்லா கதை கட்டறீங்க. நீங்க விட்டுக் குடுத்ததை வச்சுக்கினு, ஸ்கூல்ல போய் க்ளாஸ் குடுங்கன்னு நிக்க இருந்தேன் பாருங்க!"

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் போட்டு, தலைமையாசிரியருக்கு ராஜினாமா கடிதம் எழுத உட்கார்ந்தாள். இரண்டு வரி ஓடியதும் பிரபு தாளின் மேல் கையை வைத்தான்.

"ஜல்தியில எதையும் எழுதிடாத. பத்து நிமிசம் பொறு. அவரையே கேட்டுக்கினு சொல்லிடறேன்."

"கையை எடுங்க."

அவன் போன் அடித்தது. திரையைப் பார்த்தவன் ஒரு நொடி யோசித்தான். பிறகு ஸ்பீக்கரில் போட்டு, அவள் முன்னால் வைத்தான்.

"பிரபு, நேத்தும் மூணு ஆட்டம் போச்சு!" என்றது குரல். "முப்பது வருசமா கணக்குச் சொல்லிக் குடுக்கறவன்னு வெளிய சொல்லிக்க முடியல. உங்க ஐடியில ஆடறதால மானம் தப்பிச்சுது."

ஜாக்குலின் பேனாவைக் கீழே வைத்தாள். தேவநாதன் சார்!

"எதிர்ல ஆடறது யாருன்னு மூணு மாசமா கேக்கறேன், சொல்ல மாட்டேங்கறீங்க. இப்ப விளையாட்டுக்குக் கேக்கல பிரபு. பத்தாவதுக்கு ஆளே கிடைக்காம பேஜாரா இருக்குது. உங்க வீட்ல சொல்லாதீங்க, டீச்சர் வருத்தப்படுவாங்க. அவங்க இடத்துக்கு அந்த ஆளு வருவாரான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

ஜாக்குலின் போனைக் கையில் எடுத்தாள்.

"வர்றேன் சார்."