ஸ்காட்லாந்திலிருந்து ஓர் அழைப்பு

மும்பை சயானில், போனில் ஆங்கிலம் பேசப் பழக்கும் மாலை வகுப்பில் முத்துமாரிக்கு அன்று கடைசித் தேர்வு. ஸ்காட்லாந்திலிருந்து ஒரு கஸ்டமர் கூப்பிடுவார் என்று சொல்லியிருந்தார்கள். அவரைச் சமாளித்துவிட்டால் விக்ரோலி கால் சென்டரில் வேலை. அந்த ஊர்ப் பேச்சு காதில் ஏறட்டும் என்று, கடலுக்குப் போனவன் திரும்பாத பழைய ஸ்காட்டிஷ் கதைப்பாட்டு ஒன்றை அவள் மனப்பாடம் செய்திருந்தாள்.

“நெட் வரலன்னு கஸ்டமர் போன் போடுவாரு. நீ கடல்ல போனவனுக்கு ஒப்பாரி வைப்பியாக்கும்?” என்றான் உடன் படிக்கும் மாரிசெல்வம்.

“சும்மா இருல. போன் வர்ற நேரமாச்சு.”

போன் அடித்தது. வயதான பெண்குரல் ஒன்று கடகடவென்று ஏதோ கேட்டது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னாள், இன்னும் குழம்பியது. வேலை போயிற்று என்று நினைத்தவள், வேறு வழி தெரியாமல் அந்தப் பாட்டைச் சொல்லத் தொடங்கினாள்.

முதல் இரண்டு அடிகளைச் சொன்னாள். பிறகு அடுத்த அடியை அந்தக் குரலே சொன்னது. இருவருமாகப் பாட்டை முடித்தார்கள்.

பக்கத்து அறைக் கதவைத் திறந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள் தேர்வு நடத்தும் மாதுங்கா அபயாம்பாள் மாமி.

“மாமி, நீங்களா பேசினது? ஸ்காட்லாந்துன்னாங்களே?”

“நான் மாதுங்காவை விட்டு எங்கேடி போனேன்? ஸ்கூல்ல ஒரு ஸ்காட்லாந்து டீச்சர் சொல்லிக்குடுத்த பாட்டு. இன்னும் கேட்டா மூக்கைச் சிந்த வெச்சுடறது.”

“அப்ப நான் ஃபெயிலா மாமி? உங்க கம்ப்ளைன்ட் என்னன்னே எனக்கு வெளங்கலியே.”

“எனக்கே மறந்துபோச்சு,” என்றாள் மாமி. “கஸ்டமரே கம்ப்ளைன்ட்டை மறந்துட்டா, பாஸ் போடாம என்ன பண்றது?”